மல்லாட்டை வெண்பா

மயிலம் முருகன் துணை

வேலங்குப்பம்,
மயிலம் வழி, திண்டிவனம் தாலுகா.
12–3–1958

அன்பு மகள் கிருஷ்ணவேணிக்கு அப்பா பச்சைமுத்து எழுதுவது. நானும் உன் அம்மாவும் கேப்பைக் கூழுக்குக் குறைவில்லாமல், கைகால் வலுவோடு இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் சம்பந்தி ஐயாவும் எப்படி இருக்கிறீர்கள்? படுக்கையில் இருக்கும் சம்பந்தி அம்மாவுக்கு இப்போது எழுந்து உட்கார முடிகிறதா?

அப்பா எழுதுவது என்றவுடன், வழக்கம்போல் தபால்கார மாரியப்பன் எழுதிக் கொடுத்தது என்று நினைத்துவிடாதே. இது என் கை. ஞாயிற்றுக்கிழமை தொடங்கினேன், இன்று புதன். நடுவில் இரண்டு காகிதம் கிழிந்துவிட்டது. பேனாவை ஏர் பிடிப்பதுபோல் பிடித்தால் கிழியும் என்று சவுரிராயன் வாத்தியார் சொன்னார்.

பஞ்சாயத்து ரேடியோ அறையில் சாயங்காலம் நடக்கும் முதியோர் வகுப்புக்கு அவர்தான் வாத்தியார். ஆவணியில் சேர்ந்தேன். பதினொரு பேர் சேர்ந்தோம், இப்போது மிச்சம் நான்கு பேர். அறுபத்து மூன்று வயதில் நான்தான் முதல் மாணவன். போன வாரம் கூட்டு ரோட்டில் நின்று, வந்த பஸ்ஸின் பலகையைப் படித்தேன். "திண்டிவனம்" என்று இருந்தது. இத்தனை வருஷமும் கண்டக்டர் கத்துவதைக் கேட்டுத்தான் ஏறினேன். ஏற வேண்டிய வேலை இல்லை, ஆனாலும் படித்துவிட்ட சந்தோஷத்தில் ஏறிவிட்டேன். உன் அம்மா, "கெழவனுக்கு எழுத்து மொளைச்சதும் மொளைச்சிது, பஸ்ஸு காசு செலவாவுது" என்று இரண்டு நாள் திட்டினாள்.

இப்போது முக்கியமான விஷயம். உன் தலை தீபாவளிக்கு வந்தபோது, துணியில் நூலால் தைத்து என் கையில் ஒரு பாட்டுக் கொடுத்தாயே, நினைவிருக்கிறதா? "யாருகிட்டயாவது குடுத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கப்பா" என்றாய். மறுநாள் மாரியப்பனைக் கேட்டேன். அவன் ஒரு தரம் வேகமாகப் படித்துவிட்டு, "மல்லாட்டைப் பாட்டுங்க, நல்லா கீது" என்றான். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. நம் வேர்க்கடலைக் கொல்லையைப் பற்றி என் மகள் பாட்டுக் கட்டியிருக்கிறாள் என்று, கண்ணாடி போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். ஏழு வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் உன் அம்மா அதற்கு மஞ்சள் குங்குமம் வைக்கிறாள். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன்.

நேற்று நானே படித்தேன். விரலை வைத்து, எழுத்து எழுத்தாக. கண்ணாடியில் இருந்த குங்குமத்தைத் துடைத்துவிட்டுத்தான் முதலடியைப் பார்க்க முடிந்தது. "மேலே சிரிக்கின்ற மஞ்சட்பூ" என்று எடுத்தவுடனே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் கொல்லை அப்படியே இருக்கிறது.

வாத்தியார் அதைப் பார்த்து, இது வெண்பா, அளவு பார்த்துக் கட்டுவது என்றார். அந்த அளவு என்ன என்று எனக்கு விளங்கும்படி எழுது. வரப்பு அளப்பதுபோல் அளப்பதா?

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அப்பா பச்சைமுத்து


விழுப்புரம்,
27–3–1958

அன்புள்ள அப்பாவுக்கு வேணியின் வணக்கம். இங்கே மாமா சுகம். அத்தைக்கு அப்படியேதான் இருக்கிறது, புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். உங்கள் மாப்பிள்ளைக்குக் காட்பாடியில் வேலை அதிகம். அம்மாவின் முட்டி வலி தேவலையா?

அப்பா, உங்கள் கையெழுத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் கேட்டதைச் சொல்கிறேன்.

"மண்", "பூ", "யார்" என்று ஒரே வீச்சில் நிற்பது நேர். "மழை", "கனம்", "இனி" என்று இரண்டாகத் துள்ளி நிற்பது நிரை. இந்த இரண்டும் கலந்து சேர்ந்தது ஒரு சீர். நான்கு சீர் ஓரடி. வெண்பாவில் கடைசி அடிக்கு மட்டும் மூன்று சீர்தான். மொத்தம் பதினைந்து. ஒரு சீர் எப்படி முடிகிறதோ அதைப் பார்த்துத்தான் அடுத்த சீர் தொடங்க வேண்டும். அந்தக் கட்டுக்குத் தளை என்று பெயர். இரண்டிரண்டு அடியாகப் பார்த்தால், அடியின் முதல் சொல்லுக்கும் அடுத்த அடியின் முதல் சொல்லுக்கும் இரண்டாம் எழுத்து ஒத்து வர வேண்டும். அது எதுகை. அது இல்லாவிட்டால் பாட்டு நிற்காது.

எட்டாம் வகுப்பில் படித்தது. மறந்துபோயிருக்கும் என்று நினைத்தேன், மறக்கவில்லை.

அப்பா, அது இன்னும் சுவரிலா இருக்கிறது?

அன்புடன்,
வேணி

சம்பந்தி அவர்கள் எழுத்தறிவு பெற்றது கண்டு மகிழ்ச்சி. தங்கள் கடிதத்தில் ஒன்பது பிழைகள் இருந்தன. திருத்தி வைத்திருக்கிறேன். – விருத்தாசலம், தலைமை ஆசிரியர் (ஓய்வு).


வேலங்குப்பம்,
24–4–1958

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. சித்திரை வெயிலில் வெந்தாலும் இருவரும் நோய் நொடி இல்லாமல் இருக்கிறோம். அம்மாவின் முட்டிக்கு நொச்சி ஒத்தடம் போடுகிறோம். உங்கள் எல்லோருடைய உடம்பும் எப்படி? சம்பந்தி ஐயா என் பிழைகளைத் திருத்தியதற்கு என் நமஸ்காரத்தைச் சொல்.

தளை என்றவுடன் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. துள்ளுகிற கன்றுக்கு முன்காலில் போடுவோமே, அதுதான். மீதி விளங்கவில்லை. வாய்க்குள் சொல்லிப் பார்த்தால் நேரும் நிரையும் ஒன்றாகக் குழம்பின. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். விதைக்கு வைத்திருந்த மல்லாட்டை மூட்டையைப் பிரித்தேன். நேருக்கு ஒற்றைப் பருப்புக் காய், நிரைக்கு இரட்டைப் பருப்புக் காய். துணிக்கு எதிரே உட்கார்ந்து, சொல்லுக்குச் சொல் தரையில் வைத்துக்கொண்டே போனேன். ஒற்றைப் பருப்புக் காய் பொறுக்குவதுதான் பாடு. நல்ல விளைச்சலில் அது எங்கே கிடைக்கிறது? மொத்தம் ஒற்றை இருபத்தேழு, இரட்டை ஒன்பது. அடிக்கு நான்கு குவியல், கடைசி அடிக்கு மூன்று குவியல். நீ சொன்னது சரியாக இருக்கிறது! கடைசிக் குவியலில் ஒரே ஒரு இரட்டைப் பருப்புக் காய்.

உன் அம்மா பார்த்துவிட்டு, "இன்னாய்யா இது, வெதக்காய எடுத்துத் தரையில பரப்பிக்கினு பல்லாங்குழி ஆடறியா?" என்றாள்.

"உன் பொண்ணு பாட்டை அளக்கறேன்டி" என்றேன்.

"அளந்தது போதும், எலி இழுத்துக்கினு போவுது பாரு" என்றாள். உண்மையாகவே இரண்டாம் அடியில் ஒரு குவியலைக் காணோம்.

இரண்டு கேள்வி இருக்கிறது. கடைசி அடியில் "யார்வந் தெடுப்பார்" என்று தைத்திருக்கிறாய். "வந்து" என்ற சொல்லைப் பாதியில் வெட்டி, மீதியைத் தள்ளி வைத்திருக்கிறாயே, நூல் தவறிவிட்டதா?

இரண்டாவது. வாத்தியார் சொன்னார், அளவு மட்டும் போதாது, ஒவ்வொரு பாட்டுக்கும் மெய்ப்பாடு என்று ஒன்று உண்டு, அது மனசின் நிறம், மொத்தம் எட்டு என்று. சிரிப்பு, அழுகை, இழிவு, வியப்பு, பயம், பெருமை, கோபம், மகிழ்ச்சி. "அப்போ இது எதுங்க?" என்று கேட்டேன். அவர் துணியைத் திரும்ப ஒரு தரம் படித்தார். பிறகு, "உங்க பொண்ணையே கேளுங்க பெரியவரே" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது. எனக்குத் தெரியும். மஞ்சள் பூவில் தொடங்கும் பாட்டு மகிழ்ச்சி அல்லாமல் வேறு என்ன? சரிதானே?

ஆடிக்கு வருகிறாயா? நீ வந்து நான்கு வருஷம் ஆகிறது.

அப்பா பச்சைமுத்து


விழுப்புரம்,
3–7–1958

அன்புள்ள அப்பாவுக்கு, வேணி. தாமதத்துக்கு மன்னியுங்கள். இங்கே எல்லோரும் சுகம். அத்தைக்கு முதுகில் புண் வந்து ஆறிக்கொண்டிருக்கிறது. நீங்களும் அம்மாவும் வெயிலில் கொல்லைக்குப் போகாமல் இருங்கள். ஆடிக்கு வர முடியாது. அத்தையைப் பார்க்க ஆள் இல்லை.

நூல் தவறவில்லை. அடிக்கு இவ்வளவுதான் இடம் என்று இருக்கிறது அப்பா. அதற்குள் அடங்க வேண்டுமென்றால் சொல்லை உடைத்துத்தான் ஆக வேண்டும். படிக்கிறவர்கள் சேர்த்துப் படித்துக்கொள்வார்கள் என்று ஒரு நம்பிக்கை.

மெய்ப்பாட்டைப் பற்றிய கேள்வியை விட்டுவிடுங்கள். அது சின்ன வயதில் கட்டியது. பிழை இருக்கும். அதைச் சுவரிலிருந்து எடுத்துப் பெட்டியில் வைத்துவிடுங்கள். இனிமேல் யாருக்கும் காட்ட வேண்டாம்.

வேணி

ஆடி அழைப்புக்கு நன்றி. வீட்டு நிலைமை தாங்கள் அறிந்ததே. பிழைகள் இம்முறை ஐந்து. – வி.


வேலங்குப்பம்,
22–7–1958

மகாகனம் பொருந்திய சம்பந்தி விருத்தாசலம் ஐயா அவர்களுக்குப் பச்சைமுத்து கைகூப்பி எழுதுவது. தங்கள் தேக ஆரோக்கியமும், அம்மாவின் முதுகுப் புண்ணும் எப்படி இருக்கின்றன? புண்ணுக்கு இங்கே ஒரு பச்சிலை அரைத்துப் போடுவார்கள். கூட்டு ரோட்டுப் பஸ்ஸில் கொடுத்தனுப்பவா? மாப்பிள்ளை சக்கரபாணி காட்பாடியிலிருந்து வந்தால் நாங்கள் கேட்டதாகச் சொல்லவும்.

நான் எழுதத் துணிந்த காரணம் இது. வேணி கல்யாணமான புதிதில் கட்டிய ஒரு பாட்டு என் வீட்டில் இருக்கிறது. அதில் பிழை இருக்கும் என்று அவளே எழுதிவிட்டாள். நான் மல்லாட்டைக் காய் வைத்து எண்ணிப் பார்த்தவரையில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் நான் எழுதப் படிக்கத் தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகாதவன். தாங்கள் முப்பது வருஷம் தமிழ் சொல்லிக் கொடுத்தவர்கள். தாங்கள் ஒரு வார்த்தை நன்று என்று சொல்லிவிட்டால் அவளுக்குத் தைரியம் வரும். இதன் மெய்ப்பாடு எது என்றும் சொல்ல வேண்டும். நான் மகிழ்ச்சி என்கிறேன்.

அரை நாள் உட்கார்ந்து, அழகாக எழுதியிருக்கிறேன்:

மேலே சிரிக்கின்ற மஞ்சட்பூ மண்ணுக்குள்
காலூன்றிக் காய்க்கும்; கனமறியார் – நாலுபேர்;
கார்வந்து பெய்தபின் காய்முளைத்துப் போகுமே;
யார்வந் தெடுப்பார் இனி.

விஷயம் முழுக்க உண்மை ஐயா. மல்லாட்டை பூப்பது மேலே, காய்ப்பது மண்ணுக்கு அடியில். முற்றிய நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் காயெல்லாம் மண்ணிலேயே முளைத்துவிடும். பிறகு அது எண்ணெய்க்கும் உதவாது, விதைக்கும் உதவாது. பள்ளிக்கூடம் போன பெண் இதையெல்லாம் எப்படிக் கவனித்தாள் என்பதுதான் என் ஆச்சரியம்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
பச்சைமுத்து


விழுப்புரம்,
1–8–1958

திரு. பச்சைமுத்து அவர்களுக்கு. நலமே உள்ளோம். தங்கள் நலனும் தங்கள் மனைவியார் நலனும் அவ்வாறே ஆகுக. பச்சிலை வேண்டா. வைத்தியர் வருகிறார்.

தாங்கள் அனுப்பிய செய்யுள் நேரிசை வெண்பா. தளை தட்டவில்லை. எதுகை செவ்வையாக உள்ளது. பிழை எதுவும் இல்லை.

மெய்ப்பாடு, தாங்கள் கருதுவதுபோல் உவகை அன்று. அழுகை.

என் மருமகள் இவ்வீட்டிற்கு வந்த ஆறாம் மாதத்தில் இதை எழுதித் தங்கள் சுவரில் ஊரார் பார்க்க மாட்டச் செய்திருக்கிறாள் என்பதை இன்று அறிந்தேன். இவ்வீட்டில் உண்ண உணவுக்கோ உடுக்கத் துணிக்கோ குறை வைத்தவர் எவருமில்லை. இதைப் பற்றி அவளிடம் பேசிவிட்டேன். நூல், ஊசி, காகிதம் முதலியவற்றில் அவள் பொழுது வீணாகாதபடி பார்த்துக்கொள்வேன். தாங்களும் பாட்டைப் பற்றி எழுதி அவள் மனத்தைக் கலைக்க வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வி. விருத்தாசலம்


வேலங்குப்பம்,
15–9–1958

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்? அத்தை எப்படி? ஆவணியில் இரண்டு கார்டு போட்டேன். பதில் இல்லை. மாரியப்பனைத் தினமும் வழி மறிக்கிறேன். "உங்களுக்கு லெட்டர் வந்தா மொதல்ல நானே ஓடியாருவேன் பெரியவரே, பேஜாரு பண்ணாதீங்க" என்கிறான்.

உன் பாட்டில் பிழை இல்லை என்று உன் மாமாவே எழுதிவிட்டார்! அதைச் சொல்லத்தான் இரண்டு கார்டும் போட்டேன். ஆனால் மெய்ப்பாடு அழுகை என்கிறார். இதில் மட்டும் என் மனசு ஒப்பவில்லை. பெரிய படிப்புப் படித்தவர்தான், ஆனால் மல்லாட்டைக் கொல்லையில் நின்று பார்த்திருக்க மாட்டார். இப்போது வந்து பார்க்கச் சொல். முழங்கால் உயரம் செடி, பச்சைக்கு நடுவே பொட்டுப் பொட்டாக மஞ்சள் பூ. இதைப் பார்த்து யாராவது அழுவார்களா?

அவர் கடிதம் கொஞ்சம் கடினமாக இருந்தது. பல வார்த்தைகள் புரியவில்லை. உன்னிடம் பேசியதாக எழுதியிருந்தார். பாராட்டியிருப்பார். என்ன சொன்னார் என்று எழுது.

ஒரு வரி போதும்.

அப்பா


வேலங்குப்பம்,
26–11–1958

சம்பந்தி ஐயா அவர்களுக்குப் பச்சைமுத்து வணக்கத்தோடு எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை முன்னறிவிப்பு இல்லாமல் வந்து தங்களுக்குச் சிரமம் கொடுத்தேன். பொறுத்துக்கொள்ள வேண்டும். தாங்களும் அம்மாவும் சுகமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

மெய்ப்பாடு தாங்கள் எழுதியதுதான் ஐயா. நான் வீணாக மறுத்துவிட்டேன்.

தீபாவளிக்கு மறுநாள் பிடித்த மழை ஒன்பது நாள் விடவில்லை. காய் முற்றியிருந்தது, பிடுங்க ஆள் கிடைக்கவில்லை. பத்தாம் நாள் நானும் என் சம்சாரம் கிளியம்மாளும் மட்டும் கொல்லையில் இறங்கினோம். முதல் செடியைப் பிடித்து இழுத்தேன். காயைப் பிளந்துகொண்டு வெள்ளை முளை விரல் நீளத்துக்கு நின்றது. அடுத்த செடியும் அப்படியே. அதற்கடுத்ததும். கையில் அதை வைத்துக்கொண்டு நிற்கும்போது, படிக்காமலே மூன்றாம் அடி வாயில் வந்தது. அது முடிந்ததும் நான்காம் அடி வந்தது. நான் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். என்னவோ ஏதோ என்று கிளியம்மாள் ஓடிவந்தாள். "இன்னாய்யா, இன்னா பண்ணுது? நெஞ்சு வலிக்குதா?" என்றாள். நான் அந்தப் பாட்டை அவளுக்குச் சொன்னேன். ஏழு வருஷமாகக் குங்குமம் வைத்தவள், அன்றுதான் முழுதாகக் கேட்டாள். கேட்டதும் முகத்தை மூடிக்கொண்டாள்.

மறுநாள் தங்கள் கடிதத்தைச் சவுரிராயன் வாத்தியாரிடம் கொடுத்து, வார்த்தை வார்த்தையாக அர்த்தம் கேட்டேன். பிறகுதான் பஸ் ஏறினேன்.

தங்கள் வீட்டு வாசலில் பால் கொண்டுவந்த ஜெயம்மாளிடம், மாப்பிள்ளை வந்திருக்கிறாரா என்று கேட்டேன். அந்தப் பெண் குற்றம் ஏதும் செய்யவில்லை, அவளைத் திட்ட வேண்டாம். "அவருக்குக் காட்பாடில குடும்பம் கீதே பெரியவரே. தாலி கட்டறதுக்கு முன்னாடியே கீது. இங்க மாசத்துக்கு ஒரு வாட்டி அம்மாவைப் பாக்க வருவாரு, தண்ணிகூட வாங்கிக் குடிக்காம போய்டுவாரு. ஏன், உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். பெண்ணைப் பெற்ற எனக்குத்தான் தெரியாது.

உள்ளே வந்து உட்கார்ந்தேன். வேணி காப்பி கொண்டுவந்தாள். தாங்கள் நாற்காலியில் இருந்தீர்கள். அவள் கையைப் பார்த்தேன், அத்தையைப் புரட்டிப் புரட்டி மணிக்கட்டு வீங்கியிருந்தது. "வேணி, கெளம்பும்மா, ஊருக்குப் போலாம்" என்றேன். அவள் தங்களையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "இனிமே எங்கப்பா?" என்றாள். நான் காப்பியைக் குடித்தேன். பிறகு மழையில் நனைந்துகொண்டே பஸ்ஸுக்கு நடந்தேன்.

ஐயா, கல்யாணப் பேச்சில், அவளை வாத்தியார் பயிற்சிக்கு அனுப்புவதாகச் சொன்னீர்கள். அதை நான் கேட்கவில்லை. மாப்பிள்ளையைப் பற்றியும் கேட்கவில்லை. அவளை மட்டும் அனுப்பி வையுங்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள நானே ஆள் தேடிக் கொண்டுவந்து விடுகிறேன். கிளியம்மாளே வந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறாள்.

தங்கள் காலில் விழுந்து கேட்கும்,
பச்சைமுத்து


விழுப்புரம்,
8–12–1958

திரு. பச்சைமுத்து அவர்களுக்கு. இங்கு யாவரும் நலம். தாங்கள் நனைந்து திரும்பியதால் உடல்நலம் குன்றியிருக்கலாம், கவனித்துக்கொள்ளவும்.

என் மகனைப் பற்றி வாசலில் நின்று விசாரித்தது தங்கள் வயதுக்கு ஏற்றதன்று. அவனைத் திருத்த முடியாமற் போனது என் துயரம். அதைத் தங்களுக்கு விளக்க வேண்டிய கடமை எனக்கில்லை.

மருமகளை நான் கட்டி வைத்திருக்கவில்லை. தங்கள் கடிதத்தை அவளிடமே கொடுத்துப் படிக்கச் செய்தேன். போகிறாயா என்று என் வாயால் கேட்டேன். அத்தையை விட்டு வரமாட்டேன் என்றாள். சந்தேகமிருந்தால் தாங்களே கேட்டு எழுதலாம். அவள் பதில் எழுத ஒரு கார்டு தருவேன்.

ஒன்று மட்டும் சொல்வேன். ஏழு ஆண்டுகள் அது தங்கள் சுவரில் இருந்தது. தெருவில் போகும் எவரையேனும் நிறுத்திப் பொருள் கேட்டிருக்கலாம்.

வி. விருத்தாசலம்


வேலங்குப்பம்,
20–12–1958

அன்பு மகள் வேணிக்கு அப்பா எழுதுவது. எனக்கு இருமல் இருந்தது, இப்போது இல்லை. அம்மா சுகம். உன் மணிக்கட்டுக்கு விளக்கெண்ணெய் தடவிச் சுடுநீரில் வைக்கிறாயா? அத்தைக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்.

உன் மாமா எழுதியதைப் படித்தேன். கடைசியில் எழுதியிருந்ததைப் பல தரம் படித்தேன். அவர் சொன்னது நியாயம். நான் எல்லோரையும் நிறுத்திக் காட்டினேன், எவரையும் நிறுத்திக் கேட்கவில்லை. மாரியப்பன் மல்லாட்டைப் பாட்டு என்றதும் அதோடு விட்டுவிட்டேன். நீ என் கையில் கொடுத்துவிட்டு, மூன்று நாளும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான்காம் நாள் நான்தான் உன்னைப் பஸ் ஏற்றிவிட்டேன். அன்றும் மழை பெய்தது.

இந்தக் கடிதத்தையும் உன் மாமா படிப்பார். படிக்கட்டும். மறைத்து எழுதுகிற அளவுக்கு எனக்கு இன்னும் எழுத்து வரவில்லை. பாட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

உன் பாட்டில் கடைசி அடியை மட்டும் மாற்றிப் பார்த்தேன். முளைத்த காயைக் களத்தில் காயப் போட்டிருக்கிறோம், அதையே எடுத்து வைத்து எண்ணினேன். நீ "யார்வந் தெடுப்பார் இனி" என்று தைத்திருக்கிறாய். நான் இப்படி வைக்கிறேன்:

நான்வந் தெடுப்பேன் இனி.

யார் ஒற்றைப் பருப்பு, நான் ஒற்றைப் பருப்பு. பார் ஒற்றை, பேன் ஒற்றை. நாலைந்து தடவை வைத்துப் பார்த்துவிட்டேன், ஒரு காய் கூடவில்லை, ஒரு காய் குறையவில்லை. சொல்லை உடைத்த இடம்கூட அதே இடம்.

இதைக் கட்ட எனக்கு எட்டு நாள் ஆனது. சரியாக இருக்கிறதா என்று சொல். சரி என்று நீ ஒரு வார்த்தை எழுதினால், அந்தக் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டே முதல் பஸ்ஸில் வருகிறேன். பலகையைப் படித்து ஏறுவேன். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அப்பா


விழுப்புரம்,
19–1–1959

அன்புள்ள அப்பாவுக்கு வேணியின் வணக்கம். பொங்கல் நல்லபடி நடந்திருக்கும். உங்கள் இருமல் முழுதும் நின்றுவிட்டதா? பனியில் வெளியே போகாதீர்கள். அம்மாவை முட்டி போட்டு உட்கார விடாதீர்கள். இங்கே மாமா சுகம். அத்தைக்கு இப்போது என் குரல் மட்டும்தான் அடையாளம் தெரிகிறது. என் கை தேவலை.

நீங்கள் மாற்றிய அடியைப் பார்த்தேன். நீங்கள் எண்ணியது சரி. சீர் சரி, தளை தட்டவில்லை. முதல் தடவை கட்டுகிறவர்களுக்கு இப்படி வருவது அரிது. அதைத் தனியாக ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆனால் எதுகை போய்விட்டது அப்பா. மூன்றாம் அடி "கார்" என்று தொடங்குகிறது. அதற்கு அடுத்த அடியில் "யார்"தான் நிற்கும். "நான்" நிற்காது. அந்தச் சொல் முன்னாலேயே கிடைத்திருந்தால், மற்ற அடிகளை அதற்கு ஏற்றபடி மாற்றிக் கட்டியிருப்பேன். கார் வந்த பிறகு அதைக் கொண்டுவந்து வைக்க இடமில்லை.

அதனால் பழைய அடியே இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை குங்குமம் வைப்பதை அம்மா நிறுத்திவிட்டாள் என்று தோன்றுகிறது. நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள், பாட்டுச் சுவரிலேயே இருக்கட்டும்.

அடுத்த கடிதத்தையும் நீங்களே எழுதுங்கள். மெதுவாக எழுதினால் போதும்.

உங்கள் அன்பு மகள்,
வேணி

பார்வையிட்டேன். இலக்கணம் சரியே. – வி.